சோலார் கவர் போட்ட பிறகு குளோரினைக் கூட்டுவதா, குறைப்பதா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். வீட்டு நீச்சல் குளம், 40,000 லிட்டர். ஆறு வாரமாகக் குமிழ் வைத்த சோலார் கவரால் மூடி வைத்திருக்கிறீர்கள். கவர் வாங்குவதற்கு முன்பு போட்ட அதே கணக்கில், வாரத்துக்கு மூன்று 200 கிராம் ட்ரைகுளோர் (மெதுவாகக் கரையும் குளோரின்) மாத்திரைகள் மிதவையில் கரைகின்றன. போன வருடம் முழுக்கவும் இதே மாத்திரைதான். வாரத்தில் ஒரு நாள் குளிக்கும்போது மட்டும் கவரை எடுக்கிறீர்கள். எடுத்ததும் குப்பென்று நெடி, கண் எரிச்சல். சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தால் குளோரின் அதிகம், பிஎச் 6.8, ஆனாலும் சுவரைத் தொட்டால் வழவழப்பு. கடைக்காரர் 'ஷாக் போடுங்கள்', அதாவது ஒரே தடவையில் நிறையக் குளோரின் ஊற்றுங்கள் என்கிறார், நண்பர் 'குளோரின் ஏறிவிட்டது, நிறுத்துங்கள்' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இருவர் சொல்வதிலும் பாதி சரி. இதில் உண்மையான கேள்வி, நீங்கள் எதையும் மாற்றாதபோது தண்ணீர் ஏன் மாறியது என்பதுதான். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எவ்வளவு போடுவது என்பது வெறும் கணக்கு. நான் படித்தது வேதியியல். பன்னிரண்டு வருடமாக மற்றவர்கள் வீட்டுக் குளங்களைப் பராமரிப்பது என் தொழில். ஆனால் உங்கள் தண்ணீரை நான் சோதித்ததில்லை. அதனால் கீழே வருவதில் எது உறுதி, எது என் ஊகம் என்பதை ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். திறந்த குளத்தில் குளோரினை அதிகம் தின்பது வெயில். ஸ்டெபிலைசர் எதுவும் இல்லாத தண்ணீராக இருந்தால், உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் காலியாகிவிடும். இதைத் தடுக்கத்தான் ஸ்டெபிலைசராகச் சயனூரிக் அமிலம் சேர்க்கிறோம். அது குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கவர் போட்டதும் புறஊதாக் கதிரில் ஒரு பகுதி மேலேயே நின்றுவிடுகிறது. எவ்வளவு நிற்கும் என்பது கவரின் நிறத்தையும் வயதையும் பொறுத்தது. கண்ணாடி போன்ற தெளிவான கவர் குறைவாகத் தடுக்கும், அடர்ந்த நிறக் கவர் அதிகமாகத் தடுக்கும். எப்படியிருந்தாலும் தினமும் வெயிலுக்குப் போய்க்கொண்டிருந்த குளோரின் இப்போது குளத்திலேயே தங்குகிறது. ஒரு 200 கிராம் மாத்திரை உங்கள் குளத்தில் சுமார் 4.5 பிபிஎம் (லிட்டருக்கு 4.5 மில்லிகிராம்) குளோரின் சேர்க்கும். மூன்று மாத்திரை என்றால் வாரத்துக்கு 13.5, அதாவது நாளைக்குக் கிட்டத்தட்ட 2 பிபிஎம். திறந்த குளத்துக்கு அது நியாயமான அளவு. வாரம் ஒரு முறை மட்டும் ஆள் இறங்கும் மூடிய குளத்துக்கு அதிகம். உங்கள் நண்பர் சொன்ன பாதி இதுதான்.

அப்படியானால் வழவழப்பு எங்கிருந்து வந்தது? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ட்ரைகுளோர் மாத்திரை கரையும்போது குளோரின் மட்டும் வருவதில்லை, சயனூரிக் அமிலமும் கூடவே வருகிறது. 10 பிபிஎம் குளோரினுக்குச் சுமார் 6 பிபிஎம் என்பது கணக்கு. உங்கள் மூன்று மாத்திரைகள் வாரத்துக்கு 8 பிபிஎம் ஸ்டெபிலைசரைக் குளத்தில் விட்டுவிட்டுப் போகின்றன. குளோரின் செலவாகும், இது செலவாகாது, ஆவியாகவும் போகாது. தண்ணீரைக் கொட்டி மாற்றினால்தான் குறையும். மூன்று மாதத்தில் நூறைத் தொட்டுவிடலாம், நீங்களோ ஒரு வருடத்துக்கும் மேலாகப் போடுகிறீர்கள். ஸ்டெபிலைசர் ஏற ஏற, அதே குளோரின் அளவு காட்டும் பலம் குறைகிறது. குளம் பராமரிப்பவர்கள் பலர் பின்பற்றும் நடைமுறைக் கணக்கு, ஸ்டெபிலைசர் அளவில் 7.5 சதவீதமாவது தனிக் குளோரின் (அழுக்கோடு சேராமல் வேலை செய்யத் தயாராக இருப்பது) இருக்க வேண்டும் என்பது. ஸ்டெபிலைசர் 40 என்றால் 3 பிபிஎம் போதும். 100 என்றால் 7.5 வேண்டும். இது அரசு விதி இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஸ்டெபிலைசர் இல்லாத குளத்துக்குக் குறைந்தது 1 பிபிஎம், இருக்கும் குளத்துக்குக் குறைந்தது 2 பிபிஎம் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. என் அனுபவத்தில் சதவீதக் கணக்குதான் பாசியைத் தள்ளி வைக்கிறது. பட்டையில் குளோரின் அதிகம் என்று காட்டும்போதே சுவர் வழுக்குகிறது என்றால், என் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் மேல்தான். சோதித்துப் பார்க்கும் வரை அது சந்தேகம் மட்டுமே.

இதோடு சூடு வேறு சேர்ந்துகொள்கிறது. கவர் தண்ணீரைச் சில டிகிரி ஏற்றுகிறது; பம்ப் ஓடாத நேரத்தில் மேலே ஒரு சாண் மட்டும் வெந்நீராகவும் கீழே குளிர்ந்தும் நிற்கும். வெதுவெதுப்பில் பாசியும் நுண்ணுயிரும் வேகமாகப் பெருகும். கவரின் அடிப்பக்கத்தைப் புரட்டித் தடவிப் பாருங்கள், அங்கேயும் ஒரு வழவழப்பு இருக்கக்கூடும். சுவரைத் தேய்ப்பவர்கள் கவரைத் தேய்க்க மறந்துவிடுகிறார்கள். குளம் முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு, அழுக்குப் போர்வையை மறுபடி விரித்த கதையாகிவிடும்.

நெடிக்கு வருவோம். குளோரின் வாசனை தூக்கலாக இருந்தால் குளோரின் அதிகம் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் அந்த நெடி குளோரமைனுடையது. வியர்வை, சிறுநீர் வழியாக வரும் அமோனியா, யூரியா போன்றவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாவது அது. கண் எரிச்சலுக்கும் அதுதான் முக்கியக் காரணம். உங்கள் குளத்தில் பிஎச் 6.8 என்பதும் அந்த எரிச்சலைக் கொஞ்சம் கூட்டும். திறந்த குளத்தில் வெயில் குளோரமைனை உடைத்துவிடும், காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மூடிய குளத்தில் இரண்டும் நடப்பதில்லை. ஆறு நாள் சேர்ந்ததெல்லாம் ஏழாம் நாள் நீங்கள் கவரைத் தூக்கும்போது மூக்கில் ஏறுகிறது. 'ஷாக் போடுங்கள்' என்ற கடைக்காரரின் பாதி இங்கே பொருந்துகிறது. ஆனால் போடுவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். மொத்தக் குளோரினிலிருந்து தனிக் குளோரினைக் கழித்தால் வருவது சேர்ந்த குளோரின். அது 0.5 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் ஷாக் தேவை. அதற்குக் கீழே இருந்தால், அந்த நெடி மூடிக்கு அடியில் அடைபட்டிருந்த காற்று மட்டுமே, கால் மணி நேரத்தில் கலைந்துவிடும். மஞ்சள் நிறம் காட்டும் பழைய சோதனைச் சொட்டு மருந்து மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும் என்பதால் இந்த வேலைக்கு உதவாது. இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி வகை வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த இளஞ்சிவப்பே வெளுத்துப் போய், குளோரின் இல்லவே இல்லை என்பது போலத் தெரியும். நிறம் வந்து சட்டென்று மறைந்தால், குளத்து நீரோடு குளோரின் இல்லாத நல்ல தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து மறுபடி சோதித்து, வரும் எண்ணை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பிஎச். கவர் போட்டவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். திறந்த குளத்தில் பிஎச் தானாகவே மேலே ஏறும். தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு காற்றில் வெளியேறுவதுதான் காரணம். சோடா பாட்டிலைத் திறந்து வைத்தால் காரம் போவது போல. அதனால் திறந்த குளம் வைத்திருப்பவர்களுக்கு ஆசிட் ஊற்றுவது வாடிக்கை. கவர் விரித்ததும் அந்த வாயு வெளியேறுவது மெதுவாகிவிடுகிறது, பிஎச் ஏறும் வேகம் குறைகிறது, ஆசிட் செலவும் குறைகிறது. திரவக் குளோரின் பயன்படுத்துபவருக்கு இது நல்ல செய்தி. ட்ரைகுளோர் பயன்படுத்துபவருக்குக் கதை வேறு. மாத்திரையே கடும் அமிலத்தன்மை உள்ளது. முன்பு அது கீழே இழுத்தது, காற்று மேலே தூக்கியது, இரண்டும் சமமாக நின்றன. இப்போது தூக்கும் கை இல்லை. மாத்திரை ஆல்கலினிட்டியை (பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் காரத்தன்மையை) தின்றுகொண்டே போகிறது, அந்த வினையில் பிறக்கும் கரியமில வாயுவும் கவருக்கு அடியிலேயே அடைபடுகிறது. உங்கள் 6.8 இப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. பிஎச்சை ஏற்ற உடனே சோடா சாம்பலைக் கொட்ட வேண்டாம். கவரை எடுத்துவிட்டு, தண்ணீர் திரும்பி வரும் குழாய் முனையை மேல்நோக்கித் திருப்பி, மேற்பரப்பு கலங்கும்படி பம்பை ஓட விடுங்கள். ஒன்றிரண்டு நாளில் பிஎச் தானாக ஏறுவதைப் பார்க்கலாம். எவ்வளவு ஏறும் என்பது ஆல்கலினிட்டி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சோதனையில் அது 60 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் சமையல் சோடா சேர்க்கலாம். உங்கள் குளத்துக்கு 680 கிராம் போட்டால் சுமார் 10 பிபிஎம் ஏறும். ஒரு எச்சரிக்கை: ஆல்கலினிட்டி சோதனை ஸ்டெபிலைசரையும் சேர்த்தே எண்ணிவிடும். பிஎச் 7.5 அருகில் இருக்கும்போது ஸ்டெபிலைசர் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். 90 என்று பார்த்து நிம்மதியாக இருப்பீர்கள். ஸ்டெபிலைசர் 100 என்றால் கையில் இருப்பது 57தான்.

தண்ணீர் சூடாவதால் சுவரிலும் ஹீட்டரிலும் சுண்ணாம்பு படியுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். கால்சியம் கார்பனேட் வெந்நீரில் குறைவாகவே கரையும் என்பது உண்மைதான். ஆனால் படிவைக் கணிக்கும் குறியீட்டில் 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறுவதன் பங்கு 0.15 முதல் 0.2 வரைதான். பிஎச் 7.5 இலிருந்து 6.8க்கு இறங்குவது அதே குறியீட்டை 0.7 கீழே தள்ளுகிறது. ஆகவே இன்றைய நிலையில் உங்கள் தண்ணீர் படிய வைக்கும் தண்ணீர் இல்லை, அரிக்கும் தண்ணீர். சிமென்ட் பூச்சும் செம்புக் குழாயும் இருந்தால் பிஎச்சைச் சரிசெய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். கடினத்தன்மையைப் பொறுத்தவரை கவர் உங்களுக்கு நண்பன். 8 மீட்டருக்கு 4 மீட்டர் பரப்புள்ள குளத்தில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 160 லிட்டர். மாதத்துக்கு 4,800 லிட்டர். அதை 300 பிபிஎம் கடினத்தன்மையுள்ள தண்ணீரால் நிரப்பினால், ஆவி தூய நீராகப் போய் உப்பு மட்டும் தங்குவதால், உங்கள் குளத்தில் மாதம் 36 பிபிஎம் ஏறும். கவர் இருந்தால் இதில் பெரும்பகுதி நடக்காது. இன்னொரு பயனும் உண்டு: கவர் போட்டும் மட்டம் வேகமாக இறங்கினால் ஆவியாகிறது என்று சாக்குச் சொல்ல முடியாது, கசிவைத் தேட வேண்டியதுதான்.

சரி, இனி என்ன செய்வது? இன்றே கவரை எடுத்துவிட்டு மாத்திரை மிதவையையும் வெளியே எடுங்கள். கவருக்கு அடியில் மிதவை நகராமல் ஒரே இடத்தில் நிற்கும். அந்த இடத்தில் குளோரின் செறிந்து கவரையும் குளத்துக்குள் விரித்திருக்கும் பிளாஸ்டிக் விரிப்பையும் வெளுக்கும். பம்ப் அரை மணி நேரமாவது ஓடிய பிறகு, முழங்கை ஆழத்தில், தண்ணீர் திரும்பி வரும் முனையிலிருந்து தள்ளி மாதிரி எடுங்கள். மேலே நிற்கும் வெந்நீரில் எடுத்தால் எண் தவறும். பட்டையை ஒதுக்கிவிட்டுச் சொட்டு மருந்துப் பெட்டியில் தனிக் குளோரின், சேர்ந்த குளோரின், பிஎச், ஆல்கலினிட்டி, கால்சியம் கடினத்தன்மை, ஸ்டெபிலைசர் ஆகியவற்றைப் பாருங்கள். தனிக் குளோரின் 10 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் பிஎச் சோதனையும் நம்பத் தக்கதாக இருக்காது; அது இறங்கும் வரை யாரும் தண்ணீரில் இறங்கவும் வேண்டாம். ஸ்டெபிலைசர் சோதனை கலங்கலில் கறுப்புப் புள்ளி மறைவதைப் பார்ப்பது. ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து வித்தியாசம் வரும். வெளிச்சத்தில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு முறை பாருங்கள். 80ஐத் தாண்டியிருந்தால் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுவதுதான் வழி. பாதி மாற்றினால் அளவு பாதியாகும். முழுக்கக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருந்தால் வெற்றுக் குளத்தையே அது தூக்கிவிடும்.

பிஎச் 7.2க்கு மேல் வந்த பிறகு, சேர்ந்த குளோரின் அதிகமாக இருந்தாலோ வழவழப்பு போகாவிட்டாலோ ஷாக். அதற்குத் திரவக் குளோரின் நல்லது, அதனால் ஸ்டெபிலைசர் ஏறாது. 10 சதவீதத் திரவம் 4 லிட்டர் உங்கள் குளத்தில் 10 பிபிஎம் ஏற்றும். சேர்ந்த குளோரின் போலப் பத்து மடங்கு போட்டால் போதும் என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். அது அமோனியாவை வைத்து வந்த கணக்கு; வியர்வையும் பாசியும் கலந்த குளத்து நீர் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. நான் சூத்திரத்தை நம்புவதில்லை, இரவுச் சோதனையை நம்புகிறேன். பொழுது சாய்ந்ததும் தனிக் குளோரினை அளந்து, மறுநாள் விடியும் முன் மறுபடி அளக்க வேண்டும். இரவில் வெயில் இல்லை. 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்தால் ஏதோ உயிருள்ளது தின்கிறது, குளோரினை விடாமல் மேலேயே பிடித்து வையுங்கள். சேர்ந்த குளோரின் 0.5க்குள்ளும் இரவு இழப்பு 1க்குள்ளும் வந்தால் வேலை முடிந்தது. இத்தனை நாளும் கவர் வெளியேதான் இருக்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கவர் வாங்கிய முதல் வருடம், ராத்திரி ஷாக் போட்டுவிட்டுச் சூடு போகக் கூடாதென்று உடனே மூடுவேன். சில மாதத்தில் குமிழ்கள் பொடிப் பொடியாக உரிந்து ஃபில்டரை அடைத்தன. மூடிக்கு அடியில் தேங்கும் குளோரின் ஆவி பிளாஸ்டிக்கை அப்படித் தின்னும்.

தண்ணீர் தெளிந்த பிறகு கவரை மறுபடி விரிக்கலாம். அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, குமிழ் தண்ணீரைத் தொடும்படி விரியுங்கள். மாத்திரைக்குத் திரும்பாமல் தினமும் திரவக் குளோரினே ஊற்றுவது என் யோசனை. 400 மில்லி உங்கள் குளத்தில் 1 பிபிஎம். அதிலிருந்து தொடங்கி, ஒரு வாரம் தினமும் அளந்து, குறைவதற்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். மூடிய குளத்துக்கு ஸ்டெபிலைசர் 30 பிபிஎம் தாராளம். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது, பகலில் ஓரிரு மணி நேரம் கவரை எடுத்து வையுங்கள். குளித்து முடித்த உடனே மூடாமல் கொஞ்ச நேரம் திறந்து விடுங்கள். இந்த மணிக்கணக்கு என் பழக்கம், சட்டம் இல்லை. சேர்ந்த குளோரின் ஏறினால் கூடுதலாகத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி வைத்திருப்பவர்கள் கவர் போட்ட அன்றே அதன் சதவீதத்தைக் குறைக்க வேண்டும். வெயில் தின்றதையும் சேர்த்து அது தயாரித்துக்கொண்டிருக்கும், யாரும் தடுக்காவிட்டால் நிறுத்தாது.

கவரால் ரசாயனச் செலவு பாதியாகும் என்று விற்பவர்கள் சொல்வது சில குளங்களில் உண்மை, சிலவற்றில் இல்லை. திறந்த வெளியில் வெயில் கொளுத்தும் குளத்துக்கு மிச்சம் நிறைய. மர நிழலில் உள்ள குளத்துக்கோ நிறையப் பேர் குளிக்கும் குளத்துக்கோ அவ்வளவு வராது. அங்கே குளோரினைத் தின்பது வெயில் இல்லை, மனிதர்கள்தான்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். சோலார் கவர் பாதுகாப்பு மூடி இல்லை. குழந்தை அதன்மேல் கால் வைத்தால் உள்ளே போய்விடும், கவர் மேலே மூடிக்கொள்ளும். பாதி மூடியபடி யாரும் குளிக்கவும் கூடாது. அடுத்தது, மிச்சம் இருக்கும் ட்ரைகுளோர் மாத்திரையோடு கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளை ஒரே டப்பாவிலோ மிதவையிலோ கலக்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆசிட்டையும் குளோரினையும் அடுத்தடுத்து ஒரே இடத்தில் ஊற்றினால் வருவது விஷ வாயு.

குளத்திலிருந்து எடுத்த கவரைச் சுருட்டி வெயிலில் போட்டு வைத்தாலும் பாழ்தான். மடிப்புக்கு நடுவே சூடு ஏறிக் குமிழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். நிழலில் வையுங்கள், நிழல் இல்லாவிட்டால் மேலே வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்துங்கள். தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும் வெயில் காலத்தில் கவரைச் சில வாரம் அப்படியே நிழலில் விட்டுவிடலாம். அப்போது குளோரின் செலவு மறுபடி கூடும், தினசரி அளவை முதலிலிருந்து அளந்து பிடியுங்கள்.